பீஸுக்கு அஞ்சு ரூபாய்

அனுப்பர்பாளையம். கீழே பாத்திரப் பட்டறை,
மேலே பத்துக்குப் பன்னெண்டில் என் கடை.
கடை என்றால் ஒரு போன், ஒரு தராசு,
எக்ஸ்போர்ட்டில் கழிந்த குட்டிச் சட்டைகள் ஆறு மூட்டை.
கழுத்துப்பட்டியில் இருக்கும் வெள்ளைக்காரன் பேரைக் கத்தரிப்பதுதான்
காலையில் முதல் வேலை.

கமிஷன், கூரியர், ஜிஎஸ்டி, கவர், டேப்பு,
திரும்பி வந்தால் அதற்கொரு தண்டம்.
எல்லாம் போகக் கையில் நிற்பது பத்தொன்பது ரூபாய்.
அதில் அஞ்சை எடுத்து வைத்தேன்.
நல்ல மனசு என்று சொன்னால் பொய்.
ஆடி மாசம், யாவாரம் படுத்துக் கிடந்தது.

அளவு அட்டவணைக்கு மேலே ஒரு வரி அடித்தேன்:
“இந்தச் சட்டை வாங்கினால் அஞ்சு ரூபாய்
வடக்கத்தித் தொழிலாளர் குழைந்தைகளின்
மாலை வகுப்புக்குப் பாலாகும்.”
அவசரத்தில் குழந்தைகள் குழைந்துபோனதை
நானும் பார்க்கவில்லை, வாங்கியவர்களும் பார்க்கவில்லை.
ஆறு பார்சல் கட்டிய கை
பதினாலு கட்டியது.

பிரிசில்லா டீச்சர் கூப்பிட்டார்.
“பிள்ளைங்க போட்டோ அனுப்பட்டுங்களா?
மொகம் தெரிஞ்சா இன்னும் போகுமுங்களே.”
வேண்டாங்க டீச்சர், டம்ளரை எடுத்து அனுப்புங்க.
வந்தது. சன்னல் கட்டையில் பதினேழு எவர்சில்வர் டம்ளர்,
ஒன்றின் விளிம்பில் மட்டும்
துடைக்காத பால் மீசை.

அடுத்த வாரம் அதே வரி வேறொரு கடையில்.
அதே சட்டை, அதே அஞ்சு ரூபாய்,
அதே குழைந்த குழந்தைகள்.
ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காங்கயம் ரோட்டுக்குப் போனேன்.
குப்புராஜ் சேர் போட்டார், டீ சொன்னார்.
எங்கெங்க குடுக்கறீங்க என்றேன்.
“குடுக்கோணும்னுதானுங்க இருக்கறேன்.”
டீ ஆறுவதற்குள் அவர் கேட்டார்:
“அந்த வரி போடறதுக்கு முன்னால
நாளைக்கு எத்தனை பார்சலுங்க கட்டுனீங்க?”

திரும்பும் வழியில் நல்லூர் வரைக்கும்
இண்டிகேட்டரை அணைக்க மறந்திருந்தேன்.

ராத்திரி கணக்கு.
போனது நானூத்திப் பன்னெண்டு.
திரும்பி வந்தது அறுபத்தொண்ணு:
ஓசூரிலிருந்து பவுடர் வாசனையோடு,
வேளச்சேரியிலிருந்து சாக்லேட் கறையோடு,
தூத்துக்குடியிலிருந்து பிரிக்காமலே.
சட்டை திரும்பினால் அஞ்சு ரூபாயும் திரும்பியதாகுமா?
பட்டனை அமுக்கிய நொடியில்
தூத்துக்குடியில் ஒருத்தர் மனசுக்குள்
ஒரு பிள்ளை பால் குடித்து முடித்திருக்குமே.
அறுபத்தொண்ணு அஞ்சு முன்னூத்தியஞ்சு.
முன்னூத்தியஞ்சு ரூபாய்க்கு
இரண்டு மணி வரைக்கும் முழிப்பு.

அங்காளம்மன் கோயிலுக்கு அப்பா ஒரு பேன் வாங்கிக் கொடுத்தார்.
மூன்று இறக்கையிலும் எழுதியிருக்கும்: உபயம், செ. நாச்சிமுத்து.
ஓடும்போது பேர் இருக்காது, காத்து இருக்கும்.
பூசை நேரத்தில் கரண்ட் போனால்
சனமெல்லாம் உச்சுக் கொட்டும்,
இறக்கை மெதுவாக மெதுவாக நிற்கும்,
அப்பா மட்டும்
நிமிர்ந்து உட்காருவார்.

டீச்சருக்கு இரண்டாயிரத்து அறுபது அனுப்பினேன்,
திரும்பி வந்ததையும் சேர்த்து.
பழைய வரியை எடுத்துவிட்டு
அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில்:
ஆடி, 412 பீஸ், 2,060 ரூபாய், ரசீது படம் உண்டு.
குழந்தைகளையும் நேராக்கினேன்.
விடிந்து பார்த்தால்
குப்புராஜ் கடையிலும் குழந்தைகள் நேராகியிருந்தார்கள்.
கணக்கு மட்டும் இன்னும் ஏறவில்லை.
தினமும் போய்ப் பார்க்கிறேன்,
ஏறினால் சந்தோசப்படுவேனா, வயிறு எரியுமா என்று
இன்னும் பிடிபடவில்லை.

நேற்று பார்சல் கட்டிக்கொண்டே
என் பக்கத்தை நானே திறந்து அந்த வரியைப் படித்தேன்.
மூன்றாவது தடவை.
கீழே பட்டறைச் சத்தம் பொசுக்கென்று நின்றது.
கரண்ட் போய்விட்டது.
தலைக்கு மேலே பேன் தளர்ந்து தளர்ந்து சுற்றுகிறது.
இருட்டில், போன் வெளிச்சத்தில்,
நிமிர்ந்து உட்காராமல் இருக்கப்
பார்க்கிறேன்.